பயிர் நிவாரணம் யாருக்கு எவ்வளவு போனது? பட்டியலை ஊர் பார்க்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவின் கடைமடையில் ஒரு கிராமம். கதிர் வரும் நேரத்தில் பெய்த மழையில் சம்பா மூழ்கிப்போனது. கணக்கெடுப்பு நடந்தது, சில மாதம் கழித்துப் பணமும் வந்தது. கேட்டவரின் அண்ணன் குத்தகைக்கு உழும் ஒரு ஏக்கருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கத்து வயலுக்கு வந்திருக்கிறது. ஊரில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று தாலுகா ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போட்டிருக்கிறார். "தனிநபர் தொடர்பான தகவல், வழங்க இயலாது" என்று ஒரே வரியில் பதில். பட்டியலை வெளியிட வேண்டிய கட்டாயம் அரசுக்கு உண்டா, உண்டென்றால் எப்படி வாங்குவது என்று கேட்கிறார்.

கட்டாயம் உண்டு. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவிலேயே இருக்கிறது. மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரங்களை யாரும் மனு போடாமலே ஒவ்வொரு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவின் 12ஆவது அம்சம். பயிர்ச்சேத நிவாரணம் கோப்புகளில் இடுபொருள் மானியம் (விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி) என்றுதான் எழுதப்படுகிறது. ஆகவே இது மானியத் திட்டமா இல்லையா என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் நான் போய்ப் பார்த்த ஊர்களில் எந்த வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரிலும் நிவாரணப் பட்டியல் ஒட்டியிருந்து கண்டதில்லை.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியல் வெளியே வர வேண்டும் என்பது பாதிதான். எப்போது வர வேண்டும், எந்தெந்த விவரக் கலங்களோடு வர வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பணம் பட்டுவாடா ஆன ஒரு வருடம் கழித்து வெறும் பெயர்ப்பட்டியல் கையில் கிடைத்தால் ஊருக்குச் சண்டை மிஞ்சும், வேறொன்றும் மிஞ்சாது. பணம் போகும் முன்பே, சர்வே எண்ணோடும் சேத சதவீதத்தோடும் வந்தால்தான் பிரயோஜனம்.

ஏன் என்று புரிய, தொகை எப்படி முடிவாகிறது என்று பார்க்க வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய உள்துறை விதிமுறை வகுக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. 2022 முதல் 2026 வரையிலான விதிப்படி ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2015க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது.

ஹெக்டேர் கணக்கு ஆபீஸுக்குச் சரி, நமக்கு ஏக்கரிலும் மாவிலும் சொன்னால்தான் புரியும். பாசன நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் ரூ.6,880 வரும். ஒரு மா, அதாவது 33 சென்ட் வைத்திருப்பவருக்கு ரூ.2,270 சொச்சம். நடவுக் கூலிக்கும் உரக்கடை பாக்கிக்கும் முன்னால் இது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் அது வேறு விவாதம்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 33. சேதம் 32 சதவீதம் என்று எழுதினால் பூஜ்யம், 33 என்று எழுதினால் முழுத்தொகை. நடுவில் படிக்கட்டே கிடையாது. 40 சதவீதம் போனவருக்கும் மொத்தமும் அழுகிப் போனவருக்கும் அதே ரூ.17,000 கணக்குதான். அந்த ஒரு எண்ணை யார் எழுதுகிறார்கள்? வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்துக் கண்மதிப்பில் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு மூன்று வருவாய் கிராமங்களுக்கு ஒரே வி.ஏ.ஓ. பொறுப்பு வகிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆயிரம் உட்பிரிவுகளைப் பத்து நாளில், முழங்கால் சேற்றில், தண்ணீர் வடிவதற்குள் பார்த்து முடி என்றால் யாராலும் ஆகாது. ஆகாத வேலையைச் செய்ததாக எழுதச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

ஒரு கிராமத்துப் பட்டியலின் நகலை நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். வரிசை எண், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பெயர், பரப்பு, பயிர், சேத சதவீதம், வங்கிக் கணக்கு, ஆதார், கைபேசி என்று கலங்கள். சேத சதவீதக் கலத்தில் முதல் பக்கம் முழுக்க 40. இரண்டாம் பக்கமும் 40. கடைசிப் பக்கம் வரை 40, 40, 40. அந்த ஊரில் வடிகாலை ஒட்டிய பள்ளத்து வயல்களில் கதிர் சாய்ந்து நீரிலேயே முளைவிட்டிருந்தது. கோயில் பக்கத்து மேட்டு வயல்களில் தண்ணீர் ஒரே இரவில் வடிந்து, பிறகு அறுவடையும் நடந்தது. இரண்டுக்கும் 40. அதே நேரம் பள்ளத்திலேயே சில உட்பிரிவுகள் பட்டியலில் இல்லவே இல்லை. அவை விடுபட்டனவா, நிராகரிக்கப்பட்டனவா என்று கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் நிராகரித்தவர்களுக்கு என்று ஒரு பட்டியலே போடவில்லை.

எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது ஊரில் ஆடு மேய்க்கும் பையனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தவர்கள் கண்ணில் அந்தத் தாள் படுவதேயில்லை. அது போகும் மேசைகள் ஒவ்வொன்றும் வயலிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கின்றன: தாலுகா, கோட்டம், கலெக்டர் ஆபீஸ், அப்புறம் சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையர்.

அடுத்தது காலம். அழுகிய நெல்லை எவ்வளவு நாள் வயலில் சாட்சிக்கு வைத்திருக்க முடியும்? தண்ணீர் வடிந்ததும் உழுதுவிட்டு உளுந்தோ பயறோ தெளிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் போகமும் போய்விடும். விவசாயியே தன் கையால் தடயத்தை அழிக்க வேண்டிய நிலை. ஆறு மாதம் கழித்து ஆர்.டி.ஐ.யில் பட்டியல் வாங்கி, "என் வயலில் 60 சதவீதம் போனது" என்றால் யார் நம்புவார்கள்? கணக்கெடுப்பு முடிந்த வாரத்திலேயே பட்டியல் சுவருக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தென்னையில் இந்தச் சிக்கல் குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மரத்துக்கு ரூ.600 நிவாரணம், வெட்டி அகற்ற ரூ.500, ஆக ரூ.1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து ரூ.1,92,500. விதிமுறைப்படி மட்டும் கொடுத்திருந்தால் அன்றைய கணக்கில் ஹெக்டேருக்கு ரூ.18,000தான் வந்திருக்கும். மரம் எண்ணக்கூடிய பொருள். விழுந்த மரம் மாதக்கணக்கில் கிடக்கும், வெட்டினாலும் அடிக்கட்டை இருக்கும். இன்னாருடைய தோப்பில் இத்தனை மரம் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும். அங்கே எழுந்த தகராறெல்லாம் வேறு மாதிரி: சாய்ந்து நிற்கும் மரம் கணக்கில் வருமா, குருத்து முறிந்து நிற்கிற மரம் செத்த மரமா உயிருள்ள மரமா என்று. நெல்லுக்கு அப்படி ஒரு அடிக்கட்டை மிஞ்சுவதில்லை.

மேலே, சென்னை அளவில் வெளிப்படைத்தன்மை எப்படி என்று கேட்டால், மொத்தத் தொகை மட்டும் பிரமாதமாக வெளியே வரும். 2021 ஜனவரி மழைக்கு 11.43 லட்சம் விவசாயிகளுக்கு ரூ.1,116.97 கோடி என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் ரூ.9,800. அந்த 11.43 லட்சத்தில் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடினால் அந்த அறிவிப்பில் கிடைக்காது.

ஹெக்டேருக்கு எவ்வளவு என்பது எப்படி முடிவாகிறது என்பதும் மூடுமந்திரம்தான். 2021இல் பாசன நெல்லுக்கு விதிமுறையின் ரூ.13,500ஐ மாநிலம் ரூ.20,000 ஆக்கியது, இரண்டு ஹெக்டேர் வரம்பையும் எடுத்தது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழைக்கும் ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, "ரூ.13,500இலிருந்து ரூ.17,000 ஆக உயர்த்தி" வழங்கப்படும் என்றது அறிவிப்பு. பத்து மாதம் முன்பு கொடுத்த 20,000 எங்கே போனது? அந்த 17,000 மத்திய விதிமுறை ஏற்கெனவே சொன்ன தொகைதான். மானாவாரிக்குச் சொன்ன 8,500உம் பல்லாண்டுப் பயிருக்குச் சொன்ன 22,500உம் அதே விதிமுறையில் இருப்பவை. எந்தக் கட்சி ஆட்சி என்பதெல்லாம் இதற்குச் சம்பந்தமில்லை. எந்த அடிப்படையில் ஒரு வருடம் கூடுகிறது, அடுத்த முறை குறைகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு அரசாணையோடு சேர்ந்து வந்தால் இந்தக் கேள்வியே எழாது.

பட்டியலை இணையத்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2020ஐ நினைவுபடுத்துகிறேன். பி.எம். கிசான் திட்டம் பேரிடர் நிவாரணம் அல்ல, வருடத்துக்கு ரூ.6,000 மூன்று தவணையாகக் கொடுப்பது. அதன் பயனாளிப் பட்டியலைக் கிராமம் வாரியாக யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்க முடிந்தது. அப்படியும் கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, ரூ.110 கோடி போனது அந்த ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வேளாண் அலுவலர்களின் யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் இடைத்தரகர்கள் கையிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் புழங்கின. சேர்க்கப்பட்டவர்களில் பலர் அதைக் கொரோனா நிவாரணம் என்றே நம்பி ஆதார் நகலைக் கொடுத்திருந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், கைது நடந்தது, வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

பட்டியல் பொதுவில் இருந்தும் ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? அதில் பெயர் இருந்தது, எந்த சர்வே எண்ணுக்கு என்பது இல்லை. எங்கள் பக்கம் ஒரு ஊரில் ஐந்து முருகேசன், நான்கு செல்வி இருப்பார்கள். பெயரை வைத்து யாரும் எதையும் மறுக்க முடியாது. "சர்வே எண் 112/3பி, 0.40 ஹெக்டேர், நெல்" என்று இருந்தால் நிலமே இல்லாத ஒருவர் அங்கே உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் அந்த வயல்காரர் அன்றைக்கே சத்தம் போடுவார்.

இனி உங்களுக்கு வந்த அந்த ஒரு வரிப் பதில். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத்தான் காட்டியிருப்பார்கள். அந்தப் பிரிவு முன்பு நிபந்தனைகளோடு இருந்தது: பொது நடவடிக்கைக்குச் சம்பந்தமில்லாத, அல்லது வெளியிட்டால் தேவையில்லாமல் அந்தரங்கத்தில் நுழைவதாகும் தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற நல்ல வாசகமும் கூடவே இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, தனிநபர் தொடர்பான தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அலுவலகங்களுக்கு இது பெரிய வசதி.

ஆனாலும் கதவு முழுக்க மூடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. தகவலை மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் பொதுநலன் அதிகம் என்றால், விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம். இரண்டாவது, அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவே, வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவில் வைக்கப்படும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. பயனாளி விவரத்தை வெளியிடு என்று 4(1)(பி) கட்டாயப்படுத்துகிறதே, அதைவிட வேறென்ன கட்டாயம் வேண்டும்? தகவல் ஆணையத்தில் வைக்கத் தகுந்த வாதம் இது. மேல்முறையீட்டில் இரண்டு பிரிவுகளையும் எண்ணோடு எழுதுங்கள்.

அதற்கு முன் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு மனு போடுங்கள், பெயரே கேட்காதீர்கள். "இன்ன வருவாய் கிராமத்தில், இன்ன மாத மழைச் சேதத்துக்கு, சர்வே எண் மற்றும் உட்பிரிவு வாரியாகக் கணக்கெடுக்கப்பட்ட பரப்பு, பயிர், பதிவான சேத சதவீதம், அனுமதித்த தொகை" என்று மட்டும் கேளுங்கள். நிலத்தைப் பற்றித்தான் கேட்கிறேன், ஆளைப் பற்றி அல்ல என்று வாதாடலாம். பெயர் கேட்காத மனுவை 8(1)(ஜே) சொல்லித் தள்ளுவது கஷ்டம். பட்டியல் வந்ததும், அந்த சர்வே எண்ணை அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவணத் தளத்தில் போட்டால் அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) பட்டாதாரர் பெயர் வந்துவிடும். நிலம் யாருடையது என்று அரசே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த நிலத்துக்கு எவ்வளவு பொதுப்பணம் போனது என்பது மட்டும் எப்படி ரகசியமாகும்? (பட்டாவில் இருப்பது செத்துப்போன தாத்தா பெயராக இருந்தால் நான் பொறுப்பில்லை. டெல்டாவில் பாதி பட்டா அப்படித்தான்.)

கூடவே இரண்டாவது கேள்வியாக, கணக்கெடுத்து நிராகரித்த உட்பிரிவுகளும் ஒவ்வொன்றுக்கும் காரணமும் கேளுங்கள். மூன்றாவதாக, 2(ஜே) பிரிவின்படி கணக்கெடுப்புப் படிவங்களை நேரில் பார்வையிட நாள் கேளுங்கள். நகல் கொடுக்கத் தயங்குபவர்கள்கூட, ஆள் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால் சில நேரம் நகலே கொடுத்துவிடுவார்கள்.

வெளியிடக் கூடாதவையும் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஒருபோதும் வெளியே வரக் கூடாது. நிவாரணம் வரும் காலத்தில், "பேங்க்கிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வரும் அழைப்புகள் ஒன்றிரண்டு அல்ல. அலுவலகப் படிவத்தில் இந்தக் கலங்கள் எல்லாம் ஒரே தாளில் இருப்பதுதான் பட்டியலை மறைக்க அவர்களுக்கு நல்ல சாக்கு. கடைசி மூன்று கலத்தை மறைத்து நகலெடுக்க ஒரு ஸ்கேல் போதும்.

வெளிநாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால், அமெரிக்கா ஒரு விசித்திரக் கலவை. அங்கே பருத்தி மானியம் பெற்றவர்களின் பெயர்களைக் கேட்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வேளாண் துறை மீது வழக்குப் போட்டு, 1996இல் ஜெயித்தது. அதன்பின் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தகவல் சட்டத்தின் மூலம் பதிவுகளை வாங்கி, 2001இலிருந்து பெயர் போட்டுத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. சீனாவுடனான வணிகச் சண்டையில் சோயா விலை விழுந்தபோது 2018, 2019 இரண்டு ஆண்டுகளில் ட்ரம்ப் அரசு விவசாயிகளுக்கு 2,300 கோடி டாலர் அளவில் அவசர உதவி கொடுத்தது. அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் மேல்தட்டுப் பத்து சதவீதப் பண்ணைகளுக்கே போனது என்று அந்த அமைப்பு கணக்குப் போட்டுக் காட்ட முடிந்ததற்குக் காரணம், யாருக்கு எவ்வளவு என்ற பதிவு கைக்கு வந்ததுதான். ஆனால் அதே நாட்டில் பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கட்டும் பிரீமியம் மானியம் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு என்று கேட்டால், சட்டமே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் வேறு கதை. பயனாளிகள் எல்லோர் பெயரையும் இணையத்தில் போட்டார்கள். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்து விவசாயிகள் இருவர் தொடுத்த வழக்கில், தனிநபர் விஷயத்தில் இப்படி வேறுபாடு பார்க்காமல் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013இல் புது விதி கொண்டுவந்து, சிறு தொகை பெறுபவர்களின் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை மறுபடி வெளியிட ஆரம்பித்தார்கள். அந்தரங்கமா வெளிப்படைத்தன்மையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கோடு எங்கே போடுவது என்பதுதான் கேள்வி என்று அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். நம்முடைய திருத்தமோ கோடே போடாமல் மொத்தமாகத் திரை போட்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஆந்திராவில் 2020இல் கிராமங்களில் தொடங்கிய ரைது பரோசா என்ற விவசாயி சேவை மையங்களில், பயிர்ச்சேதப் பட்டியலை ஒட்டிவைத்து ஆட்சேபணை வாங்கிய பிறகே இறுதி செய்யும் முறை வந்தது. இங்கும் அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று ஜனவரி 26. வடகிழக்குப் பருவமழைச் சேதக் கணக்கெடுப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். அன்றைக்கு வி.ஏ.ஓ. பட்டியலைக் கொண்டுவந்து சர்வே எண் வாரியாக வாசிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். 2024 இறுதியில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். எந்த உட்பிரிவில் என்ன பயிர் என்ற அந்தப் பதிவையும் சேதப் பட்டியலையும் ஒப்பிட்டாலே, தரிசு நிலத்துக்கு நெல் நிவாரணம் வாங்குவது நின்றுவிடும்.

வாசித்தால் ஊரில் பேசுவார்களா என்றும் கேட்கலாம். தயங்குவார்கள். நாளைக்கே சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அதே வி.ஏ.ஓ.விடம்தான் நிற்க வேண்டும். பக்கத்து வயல்காரர் மாமன் மச்சானாக இருப்பார். சபையில் பெரும்பான்மைச் சாதிக்காரர்கள் முன்னால் காலனிக்காரர் எழுந்து இந்தக் கணக்கு தப்பு என்று சொல்வது அவ்வளவு லேசு இல்லை. அதனால்தான் வாசிப்பது மட்டும் போதாது, ஒரு வாரம் சுவரில் இருக்க வேண்டும், எழுத்தில் வரும் ஆட்சேபணையைத் தாலுகாவில் வாங்க வேண்டும், ஆட்சேபணை போட்டவர் பெயரை ஊருக்குச் சொல்லக் கூடாது.

கடைசியாக உங்கள் அண்ணன் விஷயம். பட்டியல் கைக்கு வந்தாலும் அவர் சிக்கல் அதோடு தீராது, ஏனென்றால் பணம் நில உரிமையாளர் பெயரில் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்களின் நிலம் எல்லாவற்றிலும் உழுபவர் ஒருவர், பட்டாதாரர் வேறொருவர். வாய்மொழிக் குத்தகைதான் பெரும்பாலும். 1969ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிடுவார்களோ என்ற பயத்தில், "இவர்தான் உழுகிறார்" என்று ஒரு துண்டுச்சீட்டுக்கூட எழுதித்தர உரிமையாளர்கள் சம்மதிப்பதில்லை. நிவாரணம் வந்தால் நல்ல உரிமையாளர் பாதியாவது கொடுப்பார், மற்றவர் வந்ததையே சொல்ல மாட்டார்.

அவருக்கு ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. முந்தைய வருடங்களில் அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தன் பெயரில் நெல் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால், அவர்தான் சாகுபடி செய்கிறார் என்று வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல் சான்று அங்கே தாக்கலாகியிருக்கும், பணமும் அவர் வங்கிக் கணக்கில் வந்திருக்கும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரராகப் பதிவு செய்திருந்தால் அதற்கும் அதே சான்றுதான். கொள்முதல் ரசீது, காப்பீட்டு ரசீது, பாஸ்புக் பக்கம் மூன்றின் நகலையும் வைத்து, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். அதே மனுவை அந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுத்து வரிசை எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஐ.க்கு வந்த மறுப்புக்கு, பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அங்கும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பதில் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாள் கணக்கு அதிலுள்ள தபால் முத்திரையை வைத்துத்தான் பேச முடியும்.